தூத்துக்குடியிலிருந்து சேலத்துக்கு: ஒரு அணியும் நானும்

போன தடவை கல்லணை, அதற்கு முந்தின தடவை பூஜ்யம். இந்த முறை சேலம். "உனக்கு என்னடா சேலத்தைப் பற்றி எழுதத் தகுதி?" என்று வகுப்பில் சிலர் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது, வளர்ந்தது, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது எல்லாம் தூத்துக்குடி. 2022-ல் கல்லூரிக்காகச் சேலம் வந்தேன். இப்போது கடைசி வருடம். வந்த புதிதில் மளிகைக் கடையில் போய் "அண்ணாச்சி, ஒரு சோப்பு" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க தம்பி?" என்றார். என்னை விட முப்பது வயது மூத்தவர், எனக்கு "ங்க" போடுகிறார்! எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர் என்னை "எலேய்" என்று கூப்பிட்டால்தான் பாசம். ஒரு வாரம் எனக்கு அந்த மரியாதையே கூச்சமாக இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் தங்கச்சியிடம்கூட வாய் தவறி "சொல்லுங்க" என்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

பிரச்சினை கிரிக்கெட்டில் ஆரம்பித்தது. ஒருநாள் போனில் பேசும்போது, சேலம் அணி ஆட்டம் ஒன்றை டிவியில் பார்த்துக்கொண்டிருப்பதாக அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "எலேய், நம்ம டீமைத் தூக்கிட்டுப் போன ஊருக்கால கைதட்டுத?" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கோப்பை ஜெயித்த ஊரின் கதை

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. அந்த எட்டில் சேலம் இல்லை. தூத்துக்குடி இருந்தது. டூட்டி பேட்ரியாட்ஸ் என்று பெயர். முதல் வருடமே இறுதி ஆட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸை அவர்கள் மைதானமான சேப்பாக்கத்திலேயே வைத்து 122 ரன் வித்தியாசத்தில் அடித்துக் கோப்பையைத் தூக்கியது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். மறு வருடமும் இறுதி ஆட்டம் வரை போனோம். அதில் சேப்பாக் ஜெயித்தது.

2019 வரை அணி அதே ஊர்ப் பெயரில் ஆடியது. 2020-ல் கொரோனாவால் தொடரே நடக்கவில்லை. 2021-ல் திரும்ப வந்தபோது தூத்துக்குடி இல்லை. அந்த அணியின் இடத்தில் 'சேலம் ஸ்பார்ட்டன்ஸ்' இருந்தது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனதும் அதே சமயத்தில்தான். அப்பாவுக்கு வந்த கோபம் இதுதான். ஒரே அணி, பெயர்ப்பலகை மட்டும் மாறிவிட்டது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது உலகத்தில் நமக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. அமெரிக்காவில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி 1957 பருவம் முடிந்ததும் நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கோபம் புரூக்ளின் பெரிசுகளுக்குக் கடைசி வரை தீரவில்லை என்பார்கள். இங்கிலாந்தில் விம்பிள்டன் கால்பந்து கிளப் 2003-ல் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குப் போனது. அது போகப் போகிறது என்று முடிவானதுமே ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2002-லேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாகக் கிளப் ஆரம்பித்து, கீழ்மட்ட லீகிலிருந்து ஏறி வந்தார்கள்.

ஆனால் எங்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. யோசித்துப் பார்த்தால், தூத்துக்குடி அணி தூத்துக்குடியில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை! ஆட்டங்கள் நடந்தது சென்னை, திருநெல்வேலி, திண்டுக்கல் பக்கம் நத்தம். நாங்கள் நேசித்தது ஒரு பெயரை. பெயரை மட்டும்தான். அதைச் சொன்னபோது அப்பா, "பெயர்ல என்னலே கம்மி? உனக்கும் நாங்க பெயர்தான வச்சோம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

சேலமும் முதலில் பெயரை மட்டும்தான் வாங்கிக்கொண்டது. 2021 தொடர் முழுவதும் சென்னையிலேயே நடந்தது. சேலத்து ஆள் ஒருவரும் முதல் வருடம் தன் அணியைத் தன் ஊரில் பார்க்கவில்லை.

சரி, ஊர் எப்படி?

அணியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். வந்த முதல் வருடம் எனக்குச் சேலம் பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடல் இல்லாத ஊரில் சாயங்காலம் எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. சுற்றி அடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஜங்ஷனில் இறங்கினால் ஊர் இன்னும் தள்ளி இருக்கிறது. ஐந்து ரோடு, நாலு ரோடு, மூன்று ரோடு என்று இடங்களுக்குப் பெயர். கணக்கு வகுப்பா, ஊரா என்று இருந்தது.

என்னை மாற்றியது மூன்று விஷயங்கள்.

ஒன்று, தட்டுவடை செட். தெரியாதவர்களுக்கு: ஒரு தட்டுவடை, அதன் மேல் சட்னி, துருவின பீட்ரூட் கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடி. அப்படியே ஒரு வாய். சாயங்காலம் தள்ளுவண்டியைச் சுற்றி நின்றுகொண்டு சாப்பிடவேண்டும். பார்சல் வாங்கினால் நமுத்துவிடும். கடற்கரையில் காற்று வாங்குவதற்குப் பதில் இந்த ஊர் தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கிறது என்று புரிந்துகொண்டேன்.

இரண்டு, ஆடி மாசம். கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஊரே மாறிவிடும். குகைப் பக்கம் 'வண்டி வேடிக்கை' என்று ஒன்று நடக்கும். சாமி வேஷம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஏறி, அசையாமல் அப்படியே புராணக் காட்சியாக நிற்பார்கள். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "கண்ணு, பின்னால நின்னா தெரியாது, இப்பிடி முன்னால வா சாமி" என்று என்னை இழுத்து விட்டார். எந்த ஊர் என்று கேட்கவே இல்லை.

மூன்று, சரித்திரம். இதுதான் முக்கியம்.

வந்தவர்கள் கட்டிய ஊர்

"நீ சேலத்துக்காரன் இல்லையே" என்று ஹாஸ்டலில் ஒரு நண்பன் சொன்னான். அவன் ஆத்தூர்க்காரன். ரோஷத்தில் ஒரு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெரியவர்களைப் பற்றிப் படித்தேன். கண்டுபிடித்தது என்ன தெரியுமா? பாதிப் பேர் வெளியூர்!

1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகாலையும் சேலத்தையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்த இளைஞர்தான் தாமஸ் மன்றோ. ஏழு வருடம் இந்தப் பக்கம் கிராமம் கிராமமாக அலைந்து நிலம் அளந்தார். பிற்பாடு மதராஸ் மாகாணம் முழுக்க வந்த ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வேர்.

சேலம் நகராட்சி 1866-ல் அமைந்தது. 'தென்னாட்டுச் சிங்கம்' என்று பெயரெடுத்த சேலம் சி. விஜயராகவாச்சாரியார் பிறந்தது சேலத்தில் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்தகளத்தூர். 1882-ல் சேலத்தில் நடந்த கலவர வழக்கில் அவரைச் சேர்த்துத் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1920-ல் நாக்பூர் காங்கிரஸுக்கே தலைவரானார். 1878-ல் ஒசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1900-ல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழில் ஆரம்பித்தார். 1917-ல் நகராட்சித் தலைவர். அவர் நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆவதற்கு முன் குப்பை, குழாய், தெருவிளக்கு எல்லாம் கற்றுக்கொண்டது இந்த ஊரில்தான். 1944 ஆகஸ்டில் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியதும் சேலம் மாநாட்டில். பாருங்கள், பெயர் மாற்றுவது இந்த ஊருக்குப் புதிதில்லை :-)

சினிமாவுக்கு வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸை 1935-ல் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். அதாவது இன்றைய நாமக்கல் மாவட்டம். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், சென்னைக்குப் போகாமல் ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டூடியோ போட்டார். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) இவர் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கே எடுத்தது. 'மந்திரி குமாரி' (1950) படத்தை எடுத்துக்கொண்டால் வசனம் திருவாரூர்ப் பக்கத்துக் கருணாநிதி, கதாநாயகன் இலங்கை கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்., சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். இத்தனை ஊர்க்காரர்களும் சேர்ந்து எடுத்ததற்குப் பெயர் 'சேலத்துப் படம்'. இன்று ஸ்டூடியோ இல்லை. ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாத எங்கள் காலேஜ் மாணவன் கிடையாது.

மனிதர்கள் மட்டுமா? சேலம் என்றால் ஜவ்வரிசி. அதற்கு மூலப்பொருளான மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்து, கேரளா வழியாக இங்கே வந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோக, சேலத்து வியாபாரிகள் கிழங்கு மாவில் செய்து பார்த்தார்கள். இன்று சேலம், நாமக்கல் பக்கம் ரோட்டோரம் வெள்ளை வெள்ளேரென்று காய்கிறதே, அது அப்படி வந்ததுதான். ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான 'சேகோசர்வ்' 1981-ல் வந்தது. பட்டு நெய்கிற சௌராஷ்டிர மக்கள் பெயரிலேயே எங்கிருந்து வந்தார்கள் என்று இருக்கிறது.

இதையெல்லாம் ஆத்தூர் நண்பனிடம் ஒப்பித்தேன். அவன் கேட்டுவிட்டு ஒரே வரியில் மடக்கினான். "வந்தவங்க கதை சரிதான்டா. இங்கயே பொறந்து, வெளிய போனாத்தான் பேர் கிடைச்சவங்க கதைய யாரு சொல்றது?"

சரியான கேள்வி.

போனவர்கள்

1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பினி அதிகாரி பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது, இரும்புத்தாது போனது சேலத்து மலைகளிலிருந்து. அந்த ஆலை நிலைக்கவில்லை. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1970-ல். உற்பத்தி தொடங்கியது 1981-ல். அதுவும் துருப்பிடிக்காத எஃகு. பக்கத்திலேயே இரும்பு மலை இருந்தும் அதை வெட்டி உருக்கவில்லை. தாது இன்னும் மலையிலேயே இருக்கிறது.

இரும்புக்கு நடந்ததுதான் விளையாட்டுக்காரர்களுக்கும். சின்னப்பம்பட்டியில் 1991-ல் பிறந்த தங்கராசு நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். வழிகாட்டிய ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அந்த நன்றிக்காகவே நடராஜன் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார். 2016-ல் டிஎன்பிஎல் வந்தபோது சேலத்துக்கு அணி கிடையாது. அவர் திண்டுக்கல்லுக்காக யார்க்கர் போட்டார். அதைப் பார்த்துத்தான் 2017 ஐபிஎல்லில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை, ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிஸ்பேன் டெஸ்டில் ஜெயித்துவிட்டு வந்தவரைச் சின்னப்பம்பட்டியில் சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள்.

ஓமலூர் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு கதையும் தெரிந்ததுதான். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சேதமானது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். பயிற்சிக்கு அவர் போனது பெங்களூர்.

ஊரில் திறமை இருந்தது. இடம்தான் இல்லை. அதனால்தான் 2020 பிப்ரவரியில் வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் திறந்தது பெரிய விஷயம். முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார், ராகுல் டிராவிட் வந்திருந்தார். 2023 ஜூனில் நடராஜனும் தன் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம் கட்டித் திறந்தார். வெளியே போனவர் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது அது.

ஒரே பந்து, 18 ரன்

இப்போது அணிக்கு வருகிறேன். சேலம் ஸ்பார்ட்டன்ஸ் உலகப் புகழ் பெற்ற ஒரு நாள் உண்டு. ஆனால் பெருமைப்பட முடியாது :-( 2023 ஜூன் 13, கோவையில் சேப்பாக் அணியோடு ஆட்டம். இருபதாவது ஓவரின் கடைசிப் பந்து. பந்து வீசுவது கேப்டன் அபிஷேக் தன்வர். ஸ்டம்பைத் தட்டினார், நோ-பால். அடுத்ததும் நோ-பால், அது சிக்ஸர். அடுத்ததும் நோ-பால், இரண்டு ரன். அடுத்தது வைடு. கடைசியாக ஒழுங்காக ஒரு பந்து போட்டார், அதுவும் சிக்ஸர். ஒரே பந்து முடிவதற்குள் 18 ரன்! அந்த வீடியோவை உலகமே பார்த்துச் சிரித்தது.

ஹாஸ்டல் டிவி ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தூர்க்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் எந்தப் பக்கம் என்று. ஜெயிக்கும்போது யார் வேண்டுமானாலும் கைதட்டலாம். ஊரே கேலி செய்கிறபோது யாருக்கு வலிக்கிறதோ அவன்தான் அந்த அணியின் ஆள்.

அடுத்த வருடம், 2024 ஜூலை 5, தொடரின் முதல் ஆட்டம் காட்டுவேப்பிலைப்பட்டியில். ஆடுவது கோவையும் சேப்பாக்கமும். சேலம் ஆடவே இல்லை! இருந்தும் ஆத்தூர் பஸ் ஏறிப் போனோம். சுற்றிலும் மலை. வந்த புதிதில் அடைத்து வைத்த மாதிரி இருந்த அதே மலைகள், அன்றைக்குக் கேலரி மாதிரி தெரிந்தன. பக்கத்தில் ஒரு குடும்பம், சின்னப் பையன் ஒருவன். "அப்பா, நம்ம டீம் எது?" என்று கேட்டான். "நம்ம டீம் இன்னிக்கு இல்ல கண்ணு. கிரவுண்டு நம்முளுது" என்றார் அவர்.

தூத்துக்குடிக்குக் கோப்பை கிடைத்தது, மைதானம் கிடைக்கவில்லை. சேலத்துக்கு மைதானம் கிடைத்தது, 2025 வரை கோப்பை கிடைக்கவில்லை. எது பெரியது என்று எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கோப்பையை அலமாரியில் வைக்கலாம். ஆனால் இன்னொரு நடராஜன் ஓடிவந்து பந்து போட்டுப் பழகுவதற்கு அலமாரி உதவாது.

'ஸ்பார்ட்டன்ஸ்' என்ற பெயரைக்கூட முதலில் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். கிரேக்கத்துக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று. அப்புறம் ஒன்று படித்தேன். பழைய ஸ்பார்ட்டாவில் தங்கம், வெள்ளியை ஒதுக்கிவிட்டு இரும்பையே காசாக வைத்திருந்தார்களாம், புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நம் சேலம் உருக்காலையிலும் நாணயத்துக்கான எஃகு வில்லைகள் வெட்டி நாணயச் சாலைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயர் வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. இருந்தாலும் பொருத்தமாக இருக்கிறது, விட்டுவிடுவோம்.

முடிவாக

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கு, ராஜாஜி, டங்கன், எல்லாம். கடைசியில், "அணி மட்டும் இல்லப்பா, நானும் தூத்துக்குடியில இருந்து சேலத்துக்குப் போனவன்தான். அணியைக் கோபிச்சா என்னையும் கோபிக்கணும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மக்ரூன் பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "படிப்பு முடிஞ்சதும் எங்கலே போவ?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் உண்மையான கேள்வி. சென்னையோ பெங்களூரோ, வேலை கிடைக்கிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். அப்போது நானும் சேலத்திலிருந்து 'போனவர்கள்' பட்டியலில் சேர்ந்துவிடுவேன். அங்கே யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் தூத்துக்குடி என்றுதான் சொல்வேன், அது மாறாது. "எந்த டீம்?" என்று கேட்டால் சேலம். இரண்டுக்கும் ஒரே பதில் இருக்கவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே?

ஆத்தூர்க்கார நண்பா, உனக்கு ஒரு வார்த்தை. "நீ சேலத்துக்காரன் இல்லையே" என்றாய். ஆத்தூர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று நானும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை :-) இன்றைக்கு சாயங்காலம் தட்டுவடை செட் உன் செலவு.

அடுத்த கட்டுரை அனேகமாக மேட்டூர் அணை பற்றி இருக்கும், தேர்வு முடிந்த பிறகு.